கறுப்பு கவுனுக்குப் பிறகு வகுப்பறை: யுஜிசி நெட் சட்டத் தாள், ஒரு வக்கீலின் கணக்கில்

பத்து வருஷம் சிவில் கோர்ட்டில் நின்றவரைத் தூக்கத்தில் எழுப்பி ஆர்டர் 39 (இடைக்காலத் தடை உத்தரவு) என்னவென்று கேட்டாலும் சொல்லிவிடுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட், அதாவது கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வு, அதைக் கேட்பதில்லை. சட்டத் தாளின் பத்து அலகுகளில் சிபிசி (உரிமையியல் நடைமுறைச் சட்டம்) கிடையாது. சாட்சியச் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் கிடையாது. சொத்து மாற்றுச் சட்டம், லிமிடேஷன், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் எல்லாம் வெளியே நிற்கின்றன. ஆம்புட்ஸ்மன் (அரசு மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) பதவி முதலில் எந்த நாட்டில் வந்தது என்று கேட்பார்கள். சுவீடன், 1809. கோர்ட்டிலிருந்து சட்டக் கல்லூரிக்கு மாற நினைக்கிறவர் இந்தத் தேர்வைப் பற்றி முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: நின்று வாதாடிய வருஷங்களுக்கு இங்கே ஒரு மார்க்கும் இல்லை.

ஆனால் செலவுக்கும் பலனுக்கும் கணக்குப் பார்த்தால் இதைவிட மலிவான கதவு வேறில்லை. பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,150 ரூபாய், ஓபிசி நான்-கிரீமிலேயருக்கும் (வசதி வரம்புக்குள் வரும் பிற்படுத்தப்பட்டோர்) இடபிள்யூஎஸ்ஸுக்கும் (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) 600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கு 325 என்பது சமீபத்திய சுற்றுகளின் கணக்கு. ஒரு முறை தேறினால் உதவிப் பேராசிரியர் தகுதி ஆயுளுக்கும் செல்லும். எழுதுவதற்கு மேல் வயது வரம்பு இல்லை. ஐம்பது வயதில் எழுதினாலும் தடுப்பார் இல்லை. ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு வாய்ப்பு. கோர்ட் ஃபீ கட்டிப் பழகியவர்களுக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை.

யார் எழுதலாம் என்பதில் சின்னச் சின்னப் பள்ளங்கள் உண்டு. எல்எல்எம் (சட்ட முதுகலைப் பட்டம்) வேண்டும், அதில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி நான்-கிரீமிலேயர், மாற்றுத்திறனாளிகளுக்கு 50. சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்க மாட்டார்கள், 54.9 வைத்திருப்பவர் வெளியேதான். எல்எல்எம் கடைசி ஆண்டில் இருப்பவர் எழுதலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்குள் பட்டத்தைத் தேவையான மதிப்பெண்ணோடு முடித்துக் காட்ட வேண்டும். தொலைநிலைக் கல்வியில் நடத்தக்கூடாத படிப்புகள் என்று யுஜிசி ஒதுக்கியவற்றில் சட்டமும் இருக்கிறது. அஞ்சலில் எல்எல்எம் முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் அடிக்கடி இடறும் இடம் சாதிச் சான்றிதழ். நம் ஊர் பிசி, எம்பிசி சான்றிதழை அப்படியே வைத்து விண்ணப்பித்தால் செல்லாது. மத்திய ஓபிசி பட்டியலில் உங்கள் வகுப்பு இருக்க வேண்டும், மத்திய அரசின் படிவத்தில் நான்-கிரீமிலேயர் சான்று வாங்கியிருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத வகுப்புகளும் உண்டு. விண்ணப்பத்தில் ஓபிசி என்று போட்டுத் தேறிய பிறகு சான்றிதழ் இல்லை என்று தெரிந்தால் அந்தத் தேர்ச்சி நிற்காது.

தேர்வு கணினியில், மூன்று மணி நேரம், நடுவில் இடைவேளை இல்லை. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, ஒவ்வொன்றுக்கும் 2 மார்க், ஆக 300. தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் ஒரு கேள்வியையும் காலியாக விட்டு வருவதற்குக் காரணமே இல்லை. ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடி. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும், தமிழில் இல்லை. தமிழ்வழியில் படித்துக் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே நடத்திப் பழகியவர்களுக்கு இது உண்மையான சுமை. ஜூரிஸ்புருடன்ஸ் (சட்டக் கோட்பாட்டியல்) கேள்விகளில் சட்டம் தெரிந்தும் ஆங்கிலத்தின் சிக்கலால் மார்க் போகும்.

தேர்ச்சிக்குப் பொதுப் பிரிவில் இரண்டு தாளும் சேர்த்து 40 சதவீதமும் ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 35 சதவீதமும் குறைந்தபட்சம். அதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது முதல் முறை எழுதுகிறவர்களின் வழக்கமான ஏமாற்றம். இரண்டு தாளும் எழுதியவர்களின் எண்ணிக்கையில் 6 சதவீதம் பேருக்குத்தான் இடம். அதைப் பாடவாரியாகவும் பிரிவுவாரியாகவும் பகிர்ந்து கொடுப்பார்கள். எனவே நிஜமான கட்-ஆஃப் அந்த 40-ஐ விட வெகுவாக மேலே நிற்கும்.

முதல் தாள் எல்லாப் பாடத்துக்காரர்களுக்கும் பொது. பத்து அலகு, அலகுக்கு ஐந்து கேள்வி. வக்கீல்கள் இதை ஏளனமாகப் பார்த்துவிட்டு இதிலேயே கோட்டை விடுகிறார்கள். அட்டவணையைப் பார்த்துச் சதவீதம் போடுவது, எண் தொடர், பைனரி எண்கள், கணினிச் சுருக்கச் சொற்கள் எல்லாம் பத்தாம் வகுப்போடு கைகழுவிய விஷயங்கள். ஆராய்ச்சித் திறன் என்ற அலகில் மாதிரி எடுக்கும் முறைகள், கருதுகோள் சோதனை, மேற்கோள் பாணிகள் வரும். எல்எல்எம் ஆய்வுக் கட்டுரையைக் கடைசி வாரத்தில் ஒப்பேற்றியவர்களை அது காட்டிக்கொடுக்கும். உயர்கல்வி அமைப்பு என்ற அலகு முழுக்க மனப்பாடம்: 1948-49-இன் ராதாகிருஷ்ணன் ஆணையம், 1964-66-இன் கோத்தாரி ஆணையம், 1956-இன் யுஜிசி சட்டம், 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை.

இந்தத் தாளில் வக்கீலுக்கு இயல்பாகக் கைகொடுக்கும் இடம் தர்க்க அலகு. அதற்குள் இந்தியத் தர்க்கம் என்று ஒரு பகுதி உண்டு: பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்று ஆறு அளவைகள், பிறகு வியாப்தி (மாறாத தொடர்பு), ஹேத்வாபாசம் (போலிக் காரணம்). நம் பழைய சொல்லில் காண்டல், கருதல், உவமை, உரை. புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவது அனுமானம். சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்து ஒரு கொலை வழக்கை நடத்தியவருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். பகலில் சாப்பிடாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போகிறான் என்றால் இரவில் சாப்பிடுகிறான் என்பது அர்த்தாபத்தி. குறுக்கு விசாரணையில் தினமும் செய்வதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரு வாரம் ஒதுக்கினால் இதில் மார்க் உறுதி.

இரண்டாம் தாள்தான் தீர்மானிக்கும். அலகுகளை வரிசையாகப் படிப்பது வீண். எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்பதில்தான் நேரம் மிச்சமாகும்.

முதலில் உங்கள் கைவசம் இருப்பதைக் கணக்கெடுங்கள். குற்றவியல் பக்கம் நின்றவருக்கு நான்காவது அலகு. ஆனால் அதிலும் ஜாமீன், ரிமாண்ட், குற்றச்சாட்டு வனைதல் எதுவும் வராது. குற்ற மனம், கூட்டுப் பொறுப்பு, முயற்சிக்கும் தயாரிப்புக்கும் உள்ள கோடு, பொது விதிவிலக்குகள், தண்டனைக் கோட்பாடுகள், இவைதான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்களும் மாறிவிட்டன. கொலைக்கான 302 இப்போது 103, 34 இப்போது 3(5), 149 என்பது 190, 120பி என்பது 61, 304ஏ என்பது 106, 498ஏ என்பது 85, 420 என்பது 318(4). பொது விதிவிலக்குகள் 76 முதல் 106 வரை இருந்தவை 14 முதல் 44 வரைக்கு வந்துவிட்டன. பழைய தீர்ப்புகள் பழைய எண்ணோடு வரும், புதிய கேள்விகள் புதிய எண்ணோடு வரும், இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். நாக்கில் 302 ஊறிப்போனவர்களுக்கு இதுவே ஒரு மாத வேலை.

எம்சிஓபி (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) பார்க்கிறவருக்கு ஐந்தாவது அலகில் லாபம். டார்ட்ஸ் (தீங்கியல் சட்டம்), நுகர்வோர் பாதுகாப்பு, மோட்டார் வாகனச் சட்டம், காம்பெட்டிஷன் சட்டம் எல்லாம் இதில் அடங்கும். எச்சரிக்கை ஒன்று: 2019-இல் திருத்தி வெளியிட்ட பாடத்திட்டத்தில் நுகர்வோர் சட்டத்துக்கு 1986 என்றே அச்சாகியிருக்கிறது. அமலில் இருப்பதோ 2019 சட்டம். புதியதையே படியுங்கள், பழையதிலிருந்து எது மாறியது என்பதைத் தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படித்தான். பிரிவு 140 போய்விட்டது. இப்போதைய பிரிவு 164-இன்படி தவறை நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். சந்தையில் கிடைக்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் பலவற்றில் பழைய 50,000, 25,000 இன்னும் உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் வாங்கும்போது முதலில் இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்ல சோதனை.

குடும்ப நீதிமன்றத்துக்காரருக்கு ஏழாவது அலகு கிட்டத்தட்ட இலவசம். ஆனால் தமிழ்நாட்டுப் பார்வையை வைத்துக்கொண்டு எழுதினால் தவறும். சுயமரியாதைத் திருமணத்துக்காக இந்து திருமணச் சட்டத்தில் 1967-இல் நாம் சேர்த்த பிரிவு 7ஏ, மகள்களுக்குப் பங்குரிமை தந்த 1989-இன் திருத்தம், இவை மாநிலத் திருத்தங்கள். அகில இந்தியத் தேர்வில் பொதுவாகக் கேட்பது மகள்களின் பங்குரிமை பற்றிய 2005-இன் மத்தியத் திருத்தத்தையும் அதை விளக்கிய 2020-இன் வினீதா சர்மா தீர்ப்பையும். வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பு இங்கே எப்போது செல்லும் என்ற தலைப்பும் இதில் உண்டு. 1991-இன் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கு, சிபிசி பிரிவு 13. மொத்தப் பாடத்திட்டத்தில் சிபிசி எட்டிப் பார்ப்பது இங்கே மட்டும்தான் எனலாம்.

செக் கேஸ் நடத்துகிறவர்கள் ஆறாவது அலகான வணிகச் சட்டத்தைப் பார்த்துப் பூரித்துவிடக் கூடாது. செக் திரும்புவது பற்றிய பிரிவு 138 ஒரு மூலையில்தான் இருக்கிறது. புரோநோட்டுக்கும் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சுக்கும் என்ன வித்தியாசம், ஹோல்டர் இன் டியூ கோர்ஸ் (நல்லெண்ணத்தோடு விலை கொடுத்துப் பத்திரத்தைப் பெற்றவர்) யார், பெயில்மென்டும் (பொருளை ஒப்படைத்தல்) பிளெட்ஜும் (அடகு) எங்கே பிரிகின்றன, இவைதான் கேள்விக்கு ஏற்ற சரக்கு. பிறகு கம்பெனி சட்டம், எல்எல்பி.

இனிதான் கஷ்டமான பாதி. ஜூரிஸ்புருடன்ஸ், பொது சர்வதேசச் சட்டம், மனித உரிமையும் சுற்றுச்சூழலும், அறிவுசார் சொத்து, ஒப்பீட்டுப் பொதுச் சட்டம். வழக்கறிஞர் தொழிலில் இவற்றைத் தொட வாய்ப்பே இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. ஐந்து அலகும் சேர்ந்தால் தாளில் ஏறக்குறைய சரிபாதி. இவற்றை விட்டுவிட்டு மீதியில் வென்றுவிடலாம் என்ற கணக்கு நடக்காது.

சர்வதேசச் சட்டம், சுற்றுச்சூழல், அறிவுசார் சொத்து மூன்றையும் ஒரே நோட்டில் படிக்க வேண்டும். மூன்றிலும் முதுகெலும்பு உடன்படிக்கைகளும் ஆண்டுகளும்தான். தொழில்சார் சொத்துக்கான பாரிஸ் 1883, பதிப்புரிமைக்கான பெர்ன் 1886, அரசுகளின் உரிமை, கடமைக்கான மான்டெவிடியோ 1933, மனித உரிமைப் பிரகடனம் 1948, நான்கு ஜெனீவா உடன்படிக்கைகள் 1949, இரண்டு சர்வதேச மனித உரிமை உடன்படிக்கைகள் 1966, ஸ்டாக்ஹோம் 1972, ஜெனீவாவின் கூடுதல் நெறிமுறைகள் 1977, ரியோ 1992. கால வரிசையில் அடுக்கு என்ற கேள்வி இத்தேர்வின் விருப்பமான வடிவம், அதற்கு இந்த ஒரு பட்டியல் பலமுறை சோறு போடும். இதே நோட்டில் 1987 மான்ட்ரியல், 1997 கியோட்டோ, 2015 பாரிஸ் ஒப்பந்தம் என்று சேர்த்துவிட்டால் முதல் தாளின் சுற்றுச்சூழல் அலகில் உடன்படிக்கைப் பகுதியும் முடிந்தது.

ஒப்பீட்டுப் பொதுச் சட்டத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். அரசமைப்பு அலகைப் படிக்கும்போதே ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் என்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். திருத்தம் என்று வந்தால் இந்தியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா. கூட்டாட்சி என்றால் இந்தியா, அமெரிக்கா, கனடா. சட்டங்களை நீதிமன்றம் மறுஆய்வு செய்வது என்றால் கூடவே சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும். பாடத்திட்டமே எந்தத் தலைப்புக்கு எந்த நாடு என்று அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. அதைத் தாண்டி ஜெர்மனி, ஜப்பான் என்று அலைய வேண்டாம். அரசமைப்பில் ரிட் நடத்திய அனுபவம் உதவும், ஆனால் கேள்வி வேறு மாதிரி வரும்: சங்கரி பிரசாத், சஜ்ஜன் சிங், கோலக்நாத், கேசவானந்தா, மினர்வா மில்ஸ் ஆகியவற்றை வரிசைப்படுத்து. தீர்ப்பின் சாரம் கைவசம் இருக்கும், ஆண்டு இருக்காது. வழக்கின் பெயரோடு ஆண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகினால்தான் இது தீரும்.

ஜூரிஸ்புருடன்ஸுக்குக் குறுக்குவழி கிடையாது. பெந்தம், ஆஸ்டின், கெல்சன், சவிக்னி, ஹோஃபெல்ட் என்று பெயர்களும் கோட்பாடுகளும் பொருத்தச் சொல்வார்கள். ஹோஃபெல்டின் உரிமை, கடமை, சலுகை, அதிகாரம் என்ற எட்டுச் சொல் கட்டத்தை ஒரு முறை கையால் வரைந்து பார்த்தவருக்கு அது மறக்காது. கைவசம் வைத்திருப்பதற்கும் (பொசஷன்) சொந்த உரிமைக்கும் (ஓனர்ஷிப்) உள்ள வேறுபாட்டை ஆக்கிரமிப்பு வழக்குகளில் பார்த்தவர்களுக்கு அந்தத் தலைப்பு சுவையாகவே இருக்கும்.

கேள்வி வடிவத்திலும் தொழில் பழக்கம் காலை வாரும். கூற்றும் காரணமும் வகைக் கேள்வியில் இரண்டும் உண்மையா, காரணம் கூற்றை விளக்குகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். விதிவிலக்கு, மாறுபட்ட தீர்ப்பு, சட்டத்தின் நோக்கம் என்று மனம் ஓடத் தொடங்கினால் 72 விநாடி பறந்துவிடும். எதிர்தரப்புக்கு இடம் கொடுத்து யோசிப்பது கோர்ட்டில் பலம், இங்கே பலவீனம். அதோடு, பேர் ஆக்டை (உரையில்லாத சட்டப் புத்தகம்) மேஜையில் வைத்துக்கொண்டு பிரிவைப் புரட்டிப் பார்த்துப் பேசிய கை, பிரிவு எண்ணை மனதில் ஏற்ற மறுக்கும். குறைந்தது கடைசி ஐந்து சுற்று வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்க்காமல் தேர்வுக்குப் போவது வீண். தேர்வை நடத்தும் என்டிஏ-வின் (தேசியத் தேர்வு முகமை) தளத்திலேயே பழைய தாள்கள் கிடைக்கின்றன. பாடங்களுக்கு யுஜிசியின் இ-பிஜி பாடசாலாவில் சட்டத்துக்கான கட்டுரைகள் இலவசம். நடை வறட்சி, சில இடங்களில் சட்டம் பழசு, ஆனாலும் சர்வதேசச் சட்டத்துக்கும் ஜூரிஸ்புருடன்ஸுக்கும் அதுவே போதும். காலை ஐந்திலிருந்து ஏழு வரை ஐந்து மாதம் தவறாமல் உட்கார்ந்தால் 300 மணி நேரம் கிடைக்கும். தொழிலை விடாமல் எழுதுகிறவருக்கு அது நியாயமான அளவு. மாலை நேரத்தை நம்பாதீர்கள், கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள்.

தேர்வு நடத்தும் தரத்துக்கு நல்ல மார்க் போட முடியாது. 2024 ஜூன் 18 அன்று நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். மறுதேர்வு ஆகஸ்ட் 21-இல்தான் தொடங்கியது. மையம் எந்த ஊரில் விழும் என்பதும் நம் கையில் இல்லை. விடைக்குறிப்பு தவறாக வருவது அரிது அல்ல. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆதாரம் இணைக்க வேண்டும், பணம் திரும்பாது. நிபுணர் குழு சொன்னதே இறுதி. மேல்முறையீடு இல்லாத மன்றம் எப்படி இருக்கும் என்று வக்கீல்கள் இங்கே தெரிந்துகொள்ளலாம். இருந்தாலும் ஆட்சேபத்தை விட்டுவிடாதீர்கள். பேர் ஆக்ட் பக்கத்தை ஸ்கேன் செய்து வைத்தால் வாதம் வலுவாக இருக்கும், அதில் நமக்குத்தான் பழக்கம் அதிகம்.

ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கூடவே கிடைத்தால் நிலைமை மாறும். மாதம் 37,000 உதவித்தொகையோடு பிஎச்டி செய்யலாம், இரண்டு வருஷத்துக்குப் பின் 42,000. வயது வரம்பு 30 என்று பார்த்துவிட்டு வக்கீல்கள் விலகிப் போகிறார்கள். எல்எல்எம் முடித்தவர்களுக்கு மூன்று வருஷத் தளர்வு இருப்பது பலருக்குத் தெரியாது. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருஷம். நீங்கள் 33-க்குள் இருந்தால் ஜேஆர்எஃப் கட்டத்தையும் தேர்ந்தெடுங்கள், அதனால் இழப்பு ஒன்றும் இல்லை.

மாநிலத் தகுதித் தேர்வான செட் இன்னொரு வழி. அதில் தேறினால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். வெளி மாநிலம் போகும் எண்ணம் இல்லாதவர் இரண்டையும் எழுதிவைப்பது புத்திசாலித்தனம்.

தேறிய பிறகுதான் அடுத்த ஏமாற்றம். நெட் சான்றிதழ் வேலை கொடுக்காது, விண்ணப்பிக்க மட்டும் விடும். பல்கலைக்கழகங்களில் நேர்முகத்துக்கு ஆள் பொறுக்க யுஜிசியின் 2018 விதிமுறைகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. பிஎச்டிக்கு 30, ஜேஆர்எஃப்போடு நெட்டுக்கு 7, வெறும் நெட்டுக்கு 5, செட்டுக்கு 3. கற்பித்தல் அனுபவத்துக்கு வருஷத்துக்கு 2 வீதம் அதிகபட்சம் 10, ஆய்வுக் கட்டுரைக்கு 2 வீதம் 10. நீதிமன்ற அனுபவத்துக்கு அதில் வரியே இல்லை. ஹைகோர்ட்டில் இருபது வருஷம் நின்றவரும் நேற்று எல்எல்எம் முடித்தவரும் இந்தக் காகிதத்தில் ஒரே உயரம். பிஎச்டிக்குப் பதிந்துகொள்வதும் தமிழிலோ ஆங்கிலத்திலோ கட்டுரை வெளியிடுவதும் தேறிய மறுநாளே தொடங்க வேண்டிய வேலைகள். பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு.

சம்பளம் ஊதிய அட்டவணையின் அகாடமிக் லெவல் 10, தொடக்க அடிப்படை 57,700. அரசுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இது சரி. தனியார் கல்லூரிகளில் சேரும்முன் கையில் வரும் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெட் இல்லாமலே உள்ளே போகும் பக்கவாசல்களும் உண்டு, பல வக்கீல்களுக்கு இவையே பொருத்தம். வக்கீல்கள் சட்டம் கற்பிக்கும் உரிமை குறித்த 1979 விதிகளின்படி, தொழில் நடத்திக்கொண்டே ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கலாம். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள் கிளினிக்கல் (செய்முறை) பாடங்களுக்குப் பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல்களையும் ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர்களையும் பயன்படுத்த இடம் தருகின்றன. டிராஃப்டிங் பாடத்தில் மாணவர் ஒவ்வொருவரும் 15 மனு வரைவு, 15 ஆவண வரைவு செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 3 மார்க், வாய்மொழிக்கு 10. பிராதில் காஸ் ஆஃப் ஆக்‌ஷன் (வழக்கு எழுந்த காரணம்) பத்தியை எழுதிக் கையில் மை பட்டவர்தான் இதை ஒழுங்காகத் திருத்த முடியும். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) தாளும் அப்படி: மூன்று மூட், ஒரு சிவில் ஒரு கிரிமினல் விசாரணையை நேரில் பார்த்த குறிப்பு, கட்சிக்காரரிடம் விவரம் கேட்ட நாட்குறிப்பு. 15 வருஷம் தாண்டியவர்களுக்கு 2022-இல் யுஜிசி கொண்டுவந்த பிராஃபசர் ஆஃப் பிராக்டிஸ் (தொழில் அனுபவத்தால் வரும் பேராசிரியர் பதவி) இருக்கிறது. நெட்டும் வேண்டாம், பிஎச்டியும் வேண்டாம். ஆனால் ஒப்பந்தப் பதவி, பொதுவாக மூன்று வருஷம், விதிவிலக்காக நான்கு. மொத்த இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் நியமிக்கவும் முடியாது.

ஆக, யாருக்கு இந்தத் தேர்வு? முப்பதுகளின் நடுவில் இருக்கிற, எல்எல்எம் ஏற்கெனவே வைத்திருக்கிற, முழுநேரமாக மாற உறுதியான ஒருவருக்குக் கண்டிப்பாக. ஐம்பதைத் தொட்டுவிட்டு நடைமுறைச் சட்டம் மட்டும் கற்பிக்க ஆசைப்படுகிறவருக்கு இது சுற்றுவழி, மூன்று மணி நேர விதி போதும். மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்தில் கண் வைத்திருப்பவர் இப்போது வேண்டாம். அரசமைப்பின் 233(2) கேட்கும் ஏழு வருஷ வக்கீல் அனுபவத்தில், தொழிலை நிறுத்திவைத்துப் பாடம் நடத்திய காலம் சேராது.

முழுநேரப் பணி என்றால் தொழிலை நிறுத்தியே ஆக வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று 2002-இலேயே டெல்லி உயர்நீதிமன்றம் அனீஸ் அகமது வழக்கில் சொல்லிவிட்டது. நியமன ஆணை வந்ததும் மாநில பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, என்ரோல்மென்ட் சான்றிதழின் அசலை அதோடு அனுப்ப வேண்டும். நகல் செல்லாது. திரும்பி வரும் நாளில் அபிடவிட்டோடு விண்ணப்பித்து அதைப் பெற்றுக்கொள்ளலாம். தொழிலை நிறுத்துவதற்கு முன் கையில் உள்ள வழக்குக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுங்கள். சிபிசி ஆர்டர் 3 ரூல் 4-இன்படி கோர்ட்டின் அனுமதி இல்லாமல் வக்காலத்து முடிவுக்கு வராது, ஜூனியரிடம் கட்டைக் கொடுத்துவிட்டோம் என்பது விலகியதாகாது. கட்சிக்காரருக்குப் போதிய அவகாசம் கொடுத்து எழுத்தில் தெரிவியுங்கள், செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்புங்கள். ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்று கட்டைப் பிடித்து வைக்க முடியாது, 2000-இன் ஆர்.டி. சக்சேனா தீர்ப்பு அதை அனுமதிக்கவில்லை. வாய்தா அருகில் இருக்கிற வழக்குகளை முதலில் முடியுங்கள், மே மாத விடுமுறையில் வேலையில் சேர்வதாக இருந்தால் ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட வேண்டும்.